தண்டனை பெற்ற வண்டி

ஒரு காட்டில் ஒரே ஒரு வண்டி இருந்தது. மரம் வெட்ட வந்த மனிதர்கள் பெருமழைக்குப் பயந்து ஓடியபோது விட்டுப் போனது அது. நாலு மரச் சக்கரம், மேலே ஒரு பலகை, முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு நீளத் தடி. அவ்வளவுதான் வண்டி.

பிள்ளைகளே, காட்டு விலங்குகளுக்கு வண்டி எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் காடு மலைச் சரிவில் இருந்தது. விலங்குகள் பலவும் மலைக்கு மேலே குடியிருந்தன. வைத்தியம் தெரிந்த கரடி மட்டும் சரிவுக்குக் கீழே, ஆற்றங்கரையில் இருந்தார். "நோய் உங்களுக்கு. நான் எதுக்கு மலை ஏறணும்?" என்று அவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஆகவே எலும்பு முறிந்தவர்கள், நடக்க முடியாதவர்கள் எல்லோரையும் வண்டியில் வைத்துக் கீழே இறக்குவார்கள். திரும்பி வரும்போது கருமலையார் என்ற காட்டெருமை வண்டியை மேலே இழுத்து வருவார்.

இறங்குவதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. பின்சக்கரத்தில் உரசும்படி ஒரு முட்டுக்கட்டை கட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் வண்டி நடந்து போகிற வேகத்தில் இறங்கும். அடுத்தது, வண்டிக்கு முன்னால் மயில் கூவிக்கொண்டே போக வேண்டும், வழியில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள.

வண்டியோட்டியாக வெடுக்கன் என்ற குரங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். தடியைப் பிடிக்கக் கை வேண்டும், குரங்குக்குக் கை இருந்தது. கரடிக்கும் கை உண்டுதான். ஆனால் அவர் வைத்தியர். வெடுக்கனுக்குப் பொறுமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் ஓட்டினான். ஒருநாள் மரக்கிளையில் இருந்த இளவட்டக் குரங்குகள் அவனைப் பார்த்து, "என்னண்ணே, வண்டி ஓட்டறியா, இல்ல வண்டிக்குத் தாலாட்டுப் பாடறியா?" என்று கேட்டன.

அது வெடுக்கனுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் உச்சிவேளையில் கருமலையார் நிழலில் படுத்து அசைபோட்டபடியே தூங்கிப் போனார். வெடுக்கன் வெறும் வண்டியைச் சரிவின் மேல்முனைக்குத் தள்ளி வந்தான். முட்டுக்கட்டையை அவிழ்த்துப் புதரில் போட்டான்.

"அது எதுக்கு அவுக்கறே?" என்றது மயில்.

"கீச்சுக்கீச்சுன்னு சத்தம் போடுது. நீயும் இந்த வெயில்ல ஓட வேண்டாம். நிழல்ல நில்லு."

மயிலுக்கும் கால் வலிதான். நிழலில் நின்றுகொண்டது.

வண்டி பாய்ந்தது. காது இரண்டிலும் காற்று அறைந்தது. மரங்கள் எல்லாம் பின்பக்கமாக ஓடின. வெடுக்கன் எழுந்து நின்றுகொண்டே ஓட்டினான், ஒற்றைக் கையால் ஓட்டினான், தடியை வாலால் பிடித்துக்கொண்டும் ஓட்டினான். அது சுகமாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. கிளைகளில் இருந்த இளவட்டங்கள் வாய் பிளந்து பார்த்தன.

பிறகு தினமும் உச்சிவேளையில் அதே வேலை. ஒருநாள் ஒரு முயலின் காது நுனியை வண்டி உரசிக்கொண்டு போனது. இன்னொரு நாள் ஒரு கௌதாரியின் வாலிறகு சக்கரத்தோடு வந்துவிட்டது. "ஒண்ணும் ஆகலையே," என்று வெடுக்கன் சிரித்தான். ஒன்றும் ஆகாத வரைக்கும் எல்லாமே விளையாட்டுதானே.

வெறும் வண்டி தினமும் எதற்காகக் கீழே போகிறது என்று கேட்க வேண்டும் என்று கருமலையார் நினைத்தார். அவர் நிதானமாக நினைக்கிறவர். நினைத்து முடிப்பதற்குள் அடுத்த நாள் வந்துவிடும்.

இப்படி இருக்கையில் ஒருநாள், சரிவின் வளைவில், செதிலி என்ற அழுங்கு பாதையைக் கடந்துகொண்டிருந்தாள். அழுங்கு என்றால் எறும்புதின்னி. உடம்பு முழுக்க ஓடு வேய்ந்ததுபோல் செதில் இருக்கும். முன்கால் நகத்தால் கறையான் புற்றை உடைத்து, நாக்கை நீட்டிச் சாப்பிடும். யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆபத்து என்றால் ஓடாது, கடிக்காது. தலையையும் காலையும் உள்ளே இழுத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். புலியே வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, பல் வலிக்கிறது என்று போயிருக்கிறது.

புலிக்கு அது சரி. புலிக்குச் சக்கரம் கிடையாது.

"ஓடு அக்கா, ஓடு!" என்று கத்தினான் வெடுக்கன்.

அந்தக் குரலைக் கேட்டதும் செதிலி பயந்துபோய், அவள் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் செய்ததையே செய்தாள். நடுப்பாதையில் சுருண்டாள். வெடுக்கன் தடியைத் திருப்பினான், வண்டி திரும்பவில்லை. செதிலி முன்கால்களை உள்ளே இழுப்பதற்குள் சக்கரம் ஏறிவிட்டது. வண்டி குப்புறக் கவிழ்ந்தது. கவிழ்வதற்குமுன் வெடுக்கன் தாவிப் பக்கத்து மரக்கிளையைப் பிடித்துக்கொண்டான். அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

செதிலி உயிரோடு இருந்தாள். முன்கால் நகம் மட்டும் ஒன்று பாக்கியில்லாமல் உடைந்துவிட்டது. நகம் இல்லாத அழுங்குக்குக் கறையான் புற்று பூட்டிய வீடு. உள்ளே விருந்து இருக்கும், வெளியே பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அன்று மாலையே இலுப்பை மரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. கருமலையார்தான் தீர்ப்புச் சொல்கிறவர். சொல்லை நிறுத்துப் பார்ப்பார், ஒருமுறை சொல்லிவிட்டால் லேசில் மாற மாட்டார். வெடுக்கனுக்கு அது தெரியும். பஞ்சாயத்துக்கு முன்பே ஓடிப்போய் நரியைப் பார்த்துவிட்டான். நரிக்கு வழக்கு என்றால் கல்யாணச் சாப்பாடு மாதிரி.

நரி நடுவில் வந்து நின்றது. "அண்ணே, செதிலி மேல ஏறினது யாரு? வெடுக்கனா, வண்டியா?"

"வண்டி," என்றார் கருமலையார்.

"சக்கரம் யாருக்கு இருக்கு? வெடுக்கனுக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்கு."

"வண்டி கவுந்தப்ப வெடுக்கன் எங்க இருந்தான்?"

"மரத்து மேல."

"மரத்து மேல இருக்கிறவன் தரையில இருக்கிறவ மேல எப்படிண்ணே ஏற முடியும்?"

கருமலையார் மெல்வதை நிறுத்தி யோசித்தார். மயிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அலகு துடித்தது. ஆனால் வாயைத் திறந்தால் தான் நிழலில் நின்ற கதையும் சேர்ந்து வெளியே வரும். தோகையைக் கோதிக்கொண்டு சும்மா இருந்தது.

"வெடுக்கா, நீ என்ன சொல்றே?" என்று கேட்டார் கருமலையார்.

வெடுக்கன் தரையைப் பார்த்தான். "வண்டிதான் ஓடிச்சுண்ணே."

அது உண்மைதான். பாதி உண்மை.

"அப்படின்னா வண்டி குத்தவாளி," என்றார் கருமலையார். "செதிலிக்கு நகம் வளர்ற வரைக்கும் அதை இந்த மரத்துல கட்டிப் போடுங்க. யாரும் தொடக்கூடாது."

காட்டுக்கொடியால் வண்டியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். வண்டி தன் தரப்பில் ஒன்றும் சொல்லவில்லை. அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். இளவட்டக் குரங்குகள் அதன்மேல் சேற்றை வாரி எறிந்தன.

"அண்ணே, எனக்கு?" என்றாள் செதிலி.

"உனக்குத்தான் நியாயம் கிடைச்சாச்சே."

"கிடைச்சுது. சாப்பாடு?"

"அதை வண்டிகிட்டதான் கேக்கணும்," என்றார் கருமலையார்.

செதிலி வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே போனாள்.

சில நாள் கழித்து அவள் வெடுக்கன் இருந்த அத்தி மரத்தடிக்கு வந்தாள். இலைமேல் ஊர்கிற எறும்பை நக்கியே பிழைத்துக்கொண்டிருந்தாள். செதில் எல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது.

"வெடுக்கா, ஒரே ஒரு புத்தை உடைச்சுக் குடேன். பசி தாங்கல."

"நான் எதுக்கு உடைக்கணும்? வண்டிதானே இடிச்சுது. வண்டிகிட்டக் கேளு."

செதிலி திரும்பிப் போனாள்.

வெடுக்கனின் மனைவி செவந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு புத்து உடைச்சுக் குடுத்தா உன் கை தேஞ்சா போயிடும்?"

"உடைச்சுக் குடுத்தா நான்தான் இடிச்சேன்னு ஆயிடும்."

"நீதானே இடிச்சே?"

வெடுக்கன் வேறு கிளைக்குத் தாவிவிட்டான்.

ஒருநாள் காலையில் செவந்தி விளாம்பழம் பறிக்கப் போனாள். காய்ந்த கிளை ஒன்று மளுக்கென்று முறிந்தது. பாறைமேல் விழுந்தாள். தொடை எலும்பு உடைந்து கால் கோணிக்கொண்டது. வெடுக்கன் அவளைத் தூக்கிக்கொண்டு ரெண்டு எட்டு வைத்தான். அவள் வீறிட்டாள். மெல்ல இறக்கி வைத்தான். தூக்கிக்கொண்டு மலை இறங்கினால் கீழே போவதற்குள் உயிர் போய்விடும் என்று தெரிந்தது. கால் வீங்கிக்கொண்டே வந்தது, உடம்பு கொதித்தது.

அவன் இலுப்பை மரத்தடிக்கு ஓடினான்.

"அண்ணே, வண்டி வேணும்."

"வண்டி தண்டனையில இருக்கு," என்றார் கருமலையார்.

"செவந்தி சாகக் கிடக்கா அண்ணே."

கருமலையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், தங்கமான பொண்ணு. அதனாலதான் சொல்றேன். குத்தவாளி வண்டியில அவளை எப்படி ஏத்தறது? மறுபடியும் அது எதையாவது இடிச்சுதுன்னா?"

"அது தானா இடிக்காதுண்ணே."

"அன்னைக்கு இடிச்சுதே."

"எப்ப அதை விடுவீங்க?"

"செதிலிக்கு நகம் வளர்ந்ததும்."

"நகம் எப்ப வளரும்?"

"வயிறு நிறைஞ்சா வளரும்."

"வயிறு எப்ப நிறையும்?"

"நகம் வளர்ந்தா நிறையும்."

கருமலையார் இதை இன்னொரு முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் பிழை இருப்பதாக அவருக்குப் படவில்லை.

வெடுக்கன் நரியிடம் ஓடினான். "இவ்வளவுதானா? வண்டியை விடுதலை பண்ணிட்டாப் போச்சு," என்று நரி உற்சாகமாக எழுந்து வந்தது. பேச்சுச் சத்தம் கேட்டு விலங்குகளும் ஒவ்வொன்றாகக் கூடின. செவந்தியை வாழை மட்டையில் கிடத்தி மெல்ல இழுத்து வந்து நிழலில் போட்டார்கள்.

"அண்ணே, இத்தனை நாளா வண்டி இங்க நிக்குதே, ஓடிச்சா?" என்றது நரி.

"இல்ல."

"சமதரையில நின்னா வண்டி சாது. சரிவுல விட்டாத்தான் ஓடுது. அப்ப ஓட வெச்சது யாரு?"

"சரிவு," என்றார் கருமலையார்.

"அப்ப குத்தம்?"

"சரிவோடது. நான் தப்பாத் தீர்ப்புச் சொல்லிட்டேன். வண்டியை அவுத்து விடுங்க."

வெடுக்கன் பாய்ந்துபோய்க் கொடியை அறுத்தான். செவந்தியைத் தூக்கிப் பலகைமேல் படுக்க வைத்தான். தடியில் கை வைத்தான்.

"இருப்பா," என்றார் கருமலையார். "இனிமே சரிவுதான் குத்தவாளி. செதிலிக்கு நகம் வளர்ற வரைக்கும் அந்தச் சரிவுல யாரும் கால் வைக்கக்கூடாது. சக்கரமும் வைக்கக்கூடாது."

வைத்தியர் சரிவுக்குக் கீழே இருந்தார். வேறு வழி கிடையாது.

நரி வெடுக்கனின் காதோரம் வந்து, "பதறாதே. சரிவை விட்டுட்டுக் காத்து மேல போட்டுடலாம். அன்னைக்குக் காத்து பலமாத்தானே அடிச்சுது?" என்றது.

காற்றுக்குத் தண்டனை கொடுத்துவிட்டால் செவந்தி எதைச் சுவாசிப்பாள் என்று வெடுக்கன் நினைத்தான். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. செவந்தி முனகுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"அண்ணே," என்றான் வெடுக்கன். "வண்டி இடிக்கல. சரிவும் இடிக்கல. நான்தான் இடிச்சேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நரி ஒரு அடி தள்ளி நின்றுகொண்டது.

"முட்டுக்கட்டையை அவுத்துப் புதர்ல போட்டது நான். மயிலை நிழல்ல நிக்கச் சொன்னதும் நான். அவசரமும் இல்ல, ஆத்திரமும் இல்ல. பசங்க பார்க்கணும்னு விளையாட்டுக்கு ஓட்டினேன். மொசல் காதை உரசினப்பவே நிறுத்தியிருக்கணும், சிரிச்சேன். செதிலியக்கா சுருண்டது தப்பில்ல. நான் அந்த வேகத்துல வந்ததுதான் தப்பு."

பேசி முடித்ததும் அவனுக்கு அழுகை வந்தது. அழுதான்.

"நிழல்ல நின்னது நான்," என்றது மயில், யாரும் கேட்காமலே.

கருமலையார் வெகுநேரம் மென்றார். "அப்ப வண்டி குத்தவாளி இல்ல."

"இல்லண்ணே."

"சரிவும் இல்ல."

"இல்ல."

"நீதான்."

"நான்தான்."

"சரி. சரிவைத் திறந்து விடுங்க. இவனை மரத்துல கட்டுங்க."

"கட்டுங்கண்ணே. ஆனா முதல்ல செவந்தியைக் கீழ விட்டுட்டு..."

"வண்டிக்கே விலக்குக் குடுக்கல. உனக்கு எப்படிக் குடுக்கறது?"

கொடியைக் கொண்டு வந்து அவன் கை இரண்டையும் கட்டத் தொடங்கினார்கள். வண்டி இருந்தது, வழியும் இருந்தது. ஓட்டத் தெரிந்த ஆள்தான் இப்போது இல்லை.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்று மெலிந்த குரலில் ஒரு சத்தம். செதிலி. "அடிபட்டது நான். அன்னையிலேருந்து என்கிட்ட யாருமே ஒண்ணும் கேக்கல."

"கேளும்மா."

"வண்டியைக் கட்டினீங்க. என் நகம் வளரலை. வைத்தியர்கிட்டப் போகலாம்னா, போறதுக்கு இருந்த அந்த ஒரு வண்டியும் மரத்துல கிடந்துது. சரிவை மூடினீங்க. அதனாலயும் என் வயிறு நிறையலை. இப்ப இவனையும் கட்டறீங்க. எனக்குப் புத்து உடைச்சுத் தரக் கடன்பட்ட ரெண்டு கையும் இதோட போச்சு."

கருமலையார் முதல்முறையாக வேகமாக யோசித்தார். "உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு நகம் வேணும். அது வளர்ற வரைக்கும் இவன் கைதான் என் நகம். அதுக்கு முன்னால என்னையும் செவந்தியையும் வைத்தியர்கிட்டக் கூட்டிட்டுப் போகட்டும்."

"மறுபடியும் வேகமா ஓட்டினான்னா?"

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு," என்றாள் செதிலி. சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

கருமலையார் தலையசைத்ததும் வெடுக்கனின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். வெடுக்கன் புதரில் கிடந்த முட்டுக்கட்டையைத் தேடி எடுத்து வந்து கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான், மறுபடியும் இழுத்துப் பார்த்தான். மயில் முன்னால் ஓடியது. அதன் குரல் அன்று ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது.

வண்டி உருள ஆரம்பித்ததும் செதிலி சுருண்டுவிட்டாள். வழிநெடுக அவள் தலையை வெளியே நீட்டவில்லை. செவந்தி வலி தாங்காமல், "சீக்கிரம் போயேன், சீக்கிரம் போயேன்," என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். எந்த அவசரமும் இல்லாத நாளில் பறந்த சரிவு அது. இன்று உயிர் போகிற அவசரம், இன்று பறக்க முடியாது. வளைவில் ஒரு கௌதாரி தன் குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு குறுக்கே வந்தது. வண்டியை நிறுத்தினான். கடைசிக் குஞ்சு ஒரு புழுவைக் கண்டு நின்றது. அது தின்று முடித்துப் போகும்வரை காத்திருந்தான்.

கரடி வைத்தியர் செவந்தியின் காலை நேராக்கி, மூங்கில் பட்டை வைத்துப் பச்சிலை கட்டினார். "பிழைச்சுக்குவா. ஆனா காலையிலயே கொண்டு வந்திருக்கணும். இனிமே கொஞ்சம் நொண்டித்தான் நடப்பா. இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பேசிக்கிட்டிருந்தோம்," என்றான் வெடுக்கன்.

வைத்தியர் செதிலியின் காலைத் திருப்பிப் பார்த்தார். "இவளையும் அன்னைக்கே கொண்டு வந்திருந்தா இதுக்குள்ள பாதி நகம் வளர்ந்திருக்கும்," என்றார்.

மறுநாள் விடிந்ததும் வெடுக்கன் செதிலியோடு கறையான் புற்றுக்குப் போனான். புற்று கல் மாதிரி இறுகிக் கிடந்தது. விரலால் தோண்டினான், நகம் பிய்ந்தது. உள்ளே கை விட்டதும் கறையான்கள் கூட்டமாக வந்து கடித்தன. விரல் ஒவ்வொன்றும் கோவைக்காய் அளவுக்கு வீங்கிப் போயிற்று. செதிலி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். அந்தப் புற்று காலியாயிற்று.

"போதுமா அக்கா?" என்றான்.

"இல்ல," என்றாள் செதிலி. அதில் கோபம் ஒன்றும் இல்லை. பசிதான் இருந்தது.

வெடுக்கன் அடுத்த புற்றுக்குப் போனான்.

நீதி: ஓட்டியவன் பிழைக்கு வண்டியைக் கட்டிப் போட்டால், அடிபட்டவரின் காயம் ஆறாது.